உன் மாமாவுக்கு நான் காட்டிவிட்ட லாயர்

மகனே,

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கத்தாரிலிருந்து போன் எடுத்து, "மாமாவுக்கு அந்த உருப்படாத லாயரைக் காட்டிவிட்டது நீங்களா அம்மா? பழி வாங்குறீங்களா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை எடுத்தும் நீ எடுக்கவில்லை. சரி, பேச விடாவிட்டால் எழுதுகிறேன். இங்கே பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போன தோட்டத்து அம்மாமாரின் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு அறையில் இருக்கும் நம் பக்கத்துப் பையன்களும் படிக்கட்டும். அவர்களுடைய அம்மாமாரும் நாளைக்குக் கோர்ட் வாசலில் போய் நிற்க வேண்டி வரலாம். நான் நின்றது போல ஒன்றும் தெரியாமல் அவர்கள் நிற்க வேண்டாம்.

பழி என்றால் எதற்குப் பழி என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் முழுதாக ஒருமுறை சொல்லியாக வேண்டும். நீ மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாயே, எதை மன்னித்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கட்டும். உன் மாமா எனக்கு உடன்பிறந்த ஒரே தம்பி. மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறான். உன் அப்பா போன பிறகு உன்னைத் தன் கடை லொறியை ஓட்ட வைத்துக்கொண்டான். அதற்காக நான் அவனை மனதுக்குள் எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். பல்லேபொலப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகு காயப்போட்டிருப்பவர்களிடம் போய் மூட்டையை ஏற்றி வருவது உன் வேலை. ஸ்டோர்ச் சாவி அவன் மகன் ரமேஷிடம் இருக்கும். நீயும் அவனும் மச்சான், மச்சான் என்று ஒரே தட்டில் கொத்து ரொட்டி சாப்பிட்டவர்கள். அப்புறம் ஸ்டோரில் மிளகு மூட்டைகள் குறைய ஆரம்பித்தன. உன் மாமா பொலிசுக்குப் போய் உன் பெயரைச் சொன்னான்.

அன்றைக்கு உன்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டபோது, ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் என்றார்கள். துணைக்கு ரமேஷ் வந்தான். அதில் எனக்குப் பெரிய ஆறுதல், பாவி நான். அங்கே உன்னிடம் சிங்களத்தில் கேட்டார்கள், நீ சிங்களத்தில் சொன்னாய். லொறியில் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்ட சிங்களம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீ தமிழன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதிய பொலிஸ்காரர் நல்ல மனுஷன்தான். தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடவா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய்? "ஓன நே சேர், மட்ட சிங்கள புளுவன்" என்றாய். வேண்டாம், எனக்குச் சிங்களம் முடியும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாய். பேச முடியும், சரி. வாசிக்க முடியுமா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவன் நீ. அந்த எழுத்தில் பஸ் போர்டைத் தாண்டி உனக்கு ஒன்றும் தெரியாது. இது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சிங்களத்தில் வெளுத்து வாங்குவோம், வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுவோம். ரமேஷ் டவுனில் சிங்கள மீடியத்தில் படித்தவன். எழுதி முடித்த தாளை வாங்கி உனக்கு வாசித்துக் காட்டியவன் அவன்தான். "எல்லாம் நீ சொன்னதுதான் மச்சான். கையெழுத்தப் போட்டுட்டு வா, டீ குடிக்கப் போவோம்" என்றான். நீ போட்டாய். மூட்டைகளை எடுத்துக் கலேவெலச் சந்தையில் விற்றது நான்தான் என்ற வரிக்குக் கீழே போட்டாய்.

டீ குடிக்க அவன் தனியாகத்தான் போனான்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேட்டுக்கொள். உன்னோடு இருக்கும் பையன்களிடமும் சொல். பொலிசுக்குக் கூப்பிட்டால், எவ்வளவு சிங்களம் தெரிந்தாலும், என் வாக்குமூலத்தைத் தமிழில் பதிந்துகொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. மச்சான் வாசித்தான், மாமா வாசித்தார் என்பதெல்லாம் வாசித்ததாகாது. ஒரு லாயருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம், கேட்பதால் குற்றவாளி ஆகிவிட மாட்டோம். பிடித்து வைத்தால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பதும் சட்டம். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் உனக்குக் கொடுக்க வாங்கிய வாழைப்பழச் சீப்போடு நான் சும்மா பொலிஸ் வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

மறுநாள் கோர்ட். நான் வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கிட்டே வந்தான். "மகனுக்கா அம்மா? கவலப்படாதீங்க. நம்ம லாயர் இருக்காரு. நீதவானுக்கே ரொம்ப வேண்டப்பட்டவரு" என்றான். அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே ஓடியிருக்க வேண்டும். நீதவான் எனக்கு வேண்டப்பட்டவர் என்று சொல்கிறவனுக்கு நீதவானையும் தெரியாது, சட்டத்தையும் தெரியாது. நான் ஓடவில்லை, அவன் பின்னாலேயே போனேன். அந்த லாயர் உன் பெயரைக்கூட என்னிடம் கேட்கவில்லை. உன் வழக்கைக் கூப்பிட்டபோது எழுந்தார், ஏதோ முணுமுணுத்தார், உட்கார்ந்தார். பிணை கேட்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னை விளக்கமறியல் என்று உள்ளே அடைத்தார்கள். அடுத்த தவணை நாளில் குற்றப்பத்திரம் வாசிப்பதற்கு முன்னால் அவர் என்னிடம் வந்து, "ஒத்துக்கச் சொல்லுங்க, சின்னக் கேஸ்தானே, இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார். உன்னிடமும் கூண்டுப் பக்கம் போய் அதையேதான் சொன்னார். நீ களைத்துப்போயிருந்தாய். வீட்டுக்குப் போனால் போதும் என்று தலையாட்டப் போனாய். நான் ஆட்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து எழுந்து, "ஒத்துக்காதடா! நீ எடுக்கல!" என்று கத்தினேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. பொலிஸ்காரி வந்து என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். நீ என்னைப் பார்த்துவிட்டு, சுற்றவாளி, நான் எடுக்கவில்லை என்றாய். அந்த லாயருக்கு என் மேல் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தோடு அவரை விட்டேன்.

இனி நல்ல லாயரை எப்படித் தேடினேன் என்று சொல்கிறேன். சொந்தக்காரர்களைக் கேட்டேன், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். யாருமே தாங்கள் பார்த்ததைச் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொன்னார்கள். கடைசியில் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கோர்ட் என்பது கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவது இல்லை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பிள்ளைக்காம்பராவில் லீவு போட்டுவிட்டுக் காலை நேரங்களில் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் வழக்கு இல்லாத நாட்களிலும் போனேன். யார் சத்தமாகப் பேசுகிறார், யார் நன்றாக உடுத்தியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. வழக்கைக் கூப்பிடும்போது லாயர் அங்கே இருக்கிறாரா, ஃபைலைப் பார்க்காமல் ஆளின் கதையைச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். முக்கியமாக ஒன்றைப் பார்த்தேன். முடிந்ததும் வெளியே வந்து, மரத்தடியில் நிற்கிற தன் ஆளிடம், உள்ளே என்ன நடந்தது என்று நின்று சொல்கிறாரா? முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை. தவணை எப்போது என்று மட்டும் எறிந்துவிட்டுப் போவார்கள். ஒரு அம்மா மட்டும் சொன்னார். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் அம்மா. கறுப்புக் கோட்டோடு வெயிலில் நின்று, காது கேட்காத ஒரு கிழவருக்கு மூன்றாம் தரமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இவர்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது.

அவருடைய ஆபிசில் நான் உட்கார்ந்த உடனே அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை விட்டார். பிறகு, "அவரு செஞ்சாரா இல்லையான்னு நான் கேக்கல்ல. என்ன நடந்திச்சின்னு முதல்ல இருந்து சொல்லுங்க. எனக்கிட்ட மட்டும் ஒண்டையும் மறைக்க வாணாம். நீங்க சொல்றது என்ட வாயிலருந்து வெளிய போகாது" என்றார். நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டானே, எல்லாம் முடிந்ததுதானே என்று கேட்டேன். "முடியல்ல. பொலிசுக்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டாருங்கிறத வெச்சி மட்டும் கோர்ட்டுல அவர குத்தவாளியாக்க ஏலாது. அந்த ஒப்புதல் அங்க செல்லாது. ஆனா அதால வேற தலையிடி வரும், அத நான் பார்த்துக்கிறேன்" என்றார். வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அரசாங்கத்தின் இலவச சட்ட உதவி இருக்கிறது, கேட்க வெட்கப்படக் கூடாது என்றார். கட்டாயம் ஜெயிப்போமா என்று கேட்டேன். "கட்டாயம் ஜெயிப்போம்னு சொல்ற லாயர்ட்ட போயிராதீங்க" என்றார். மகனே, உனக்குப் பெண் பார்க்கும்போதுகூட நான் இவ்வளவு யோசித்துத் தேட மாட்டேன்.

பிணைக்கு ஆள் வேண்டும் என்றபோதுதான் நம் சொந்தக்காரர்களின் லட்சணம் தெரிந்தது. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எல்லோர் வீட்டு மிளகையும் உன் மாமாதான் வாங்குகிறான் என்பதால் ஒருவருக்கும் அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. ஒருத்திக்குக் கால் வலி, ஒருத்தனுக்குப் பஸ் இல்லை. கடைசியில் வந்தது பல்லேபொலப் பியசேன. நீ மூட்டை ஏற்றப் போகும்போது உனக்குப் பலாக்காய் அவித்துக் கொடுப்பாரே, அதே மனுஷன். "கொல்லாவ மம தன்னவா" என்றார். பையனை எனக்குத் தெரியும் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் அவரும் கையெழுத்துப் போட்டு உன்னை வெளியே எடுத்தோம்.

அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. லாயரம்மா கோர்ட்டில், அந்த வாக்குமூலத்தை இவருக்கு வாசித்துக் காட்டிய ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். ரமேஷின் பெயரைச் சொன்ன உடனே உன் மாமாவின் முகம் செத்துப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த தவணைக்கே வந்து, குடும்ப விஷயம், பொலிசில் கொடுத்த முறைப்பாட்டைத் தொடர விரும்பவில்லை என்று சொல்லிவிட்டான். பொலிசிடமும் வேறு சாட்சி இல்லை. உன்னை விடுவித்தார்கள். நீ என் காலில் விழுந்தாய். நான் அன்றைக்குக்கூடச் சந்தோஷப்படவில்லை. உண்மை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பயந்ததுதான் நடந்தது. முத்துமாரியம்மன் கோவில் தேரன்று, அர்ச்சனைத் தட்டோடு நின்ற என்னிடம் நம் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்து, "தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா? மருமகன்னு பாவம் பாத்து விட்டுட்டாரே" என்றாள். நீ கள்ளன், அவன் வள்ளல். ஊர் அப்படித்தான் முடிவு செய்தது. நீ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பெண்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டதை நீ என்னிடம் சொல்லவில்லை. நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். சம்பளத்துக்காகக் கத்தார் போனான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தேர் முடிந்த கையோடு லாயரம்மாவிடம் போய், என் தம்பியை உள்ளே போட என்ன வழி என்று கேட்டேன். பொய்யான முறைப்பாடு செய்வதும் குற்றம்தான், ஆனால் பொய் என்று தெரிந்தே செய்தான் என்று நிரூபிக்க வேண்டும், அதற்குக் காலம் போகும் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குப் பொறுமை ஈக்கா?" என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உனக்காக மட்டும்தான் நான் சாமி கும்பிட்டேன் என்று நினைத்திருப்பாய். உனக்காகவும் கும்பிட்டேன்தான். அவனுக்கும் ஒரு நாள் அந்தக் கோர்ட் வாசலில் நிற்கிற நேரம் வர வேண்டும் என்றும் அதே மூச்சில் கும்பிட்டேன்.

வந்தது. ரமேஷ் வேறொரு வியாபாரியின் சாதிக்காய் மூட்டைகளை விற்றுத் தின்று மாட்டிக்கொண்டான். அந்த வியாபாரிக்கு அவன் மச்சானும் இல்லை, மருமகனும் இல்லை. நேரே பொலிசுக்குப் போனார். உன் மாமா என்னிடம் வந்தான். பிள்ளைக்காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். இத்தனை நாள் என் லயத்து வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்.

"அக்கா, ஒனக்கு லாயர் கோர்ட்டு எல்லாம் தெரியுமே. நான் எங்க போறது, யாரப் பாக்குறது, ஒண்ணும் புரியலக்கா."

ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். விஷயம் அப்போதே உன் காதுக்கும் போய், நீயும் லாயரம்மாவின் நம்பரைக் கொடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தாய். உனக்குச் சரி என்று பதில் போட்டேன். அவனிடம், "கோர்ட்டு வாசல்ல வெள்ளச் சட்ட போட்ட ஒரு ஆளு நிப்பான். அவன்கிட்ட போ. நல்ல லாயர்கிட்ட கூட்டிட்டுப் போவான்" என்றேன். என் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் அதே பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பழைய கூத்துத்தான். அந்த லாயர் எழுந்தார், முணுமுணுத்தார், உட்கார்ந்தார். ரமேஷ் விளக்கமறியலுக்குப் போனான். உன் மாமா ஒன்றும் விளங்காமல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. மகனே, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இனித்தது. வழியில் இறங்கி மசாலா வடை வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்துக் கத்தினாய். மறுநாள் உன் மாமி என்னிடம் வந்தாள். அவளுக்கு எதிலும் பங்கு இல்லை என்று எனக்குத் தெரியும். "அண்ணி, உள்ள அடிப்பாங்களா? சோறு குடுத்தா வாங்குவாங்களா? மாத்து உடுப்புக் குடுக்கலாமா? கையெழுத்துப் போட யாரைக் கூட்டிட்டுப் போகணும்?" என்று அழுதுகொண்டே கேட்டாள். ஒரு கேள்வி விடாமல் நான் கேட்ட அதே கேள்விகள். எனக்குப் பதில் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை. நான் அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிணைக்காரருக்குக் கிராம சேவகரின் கடிதம் எப்படி எடுப்பது, வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பது, எந்தச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது வரைக்கும் சொன்னேன். லாயரின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஆனால் உன் மாமா, அன்றைக்குக் கோர்ட்டில் உனக்குப் பேசிய லாயரம்மா ஞாபகம் வந்து, தானே விசாரித்து அவரிடம் போயிருக்கிறான். அவர் எனக்குப் போன் எடுத்தார். "நான் உங்கட மகனுக்குப் பேசினவ. இவங்க அப்ப எதிர்ப் பக்கம். உங்கட பக்கத்துச் சம்மதம் இல்லாம நான் இந்தக் கேஸ எடுக்க மாட்டேன். மகன் கத்தார்ல இருந்து எடுத்துச் சரின்னுட்டாரு. ஆனா எனக்கு முன்னுக்கு ஒக்காந்து அழுதவ நீங்க. அதனால உங்களையும் கேக்கிறேன்" என்றார்.

அப்படியானால் என் தம்பி பொலிசுக்குப் போய், உன் மேல் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கட்டும், பிறகு எடுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இனி ரமேஷுக்குப் பேசப் போறவ. அவர மாட்டிவிடுற மாதிரி எழுதிக் குடுங்கன்னு வாப்பாக்காரன்ட நான் சொல்ல ஏலாது. அது எங்கட தொழிலுக்குத் துரோகம். நீங்க அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கிறீங்கங்கிறது எனக்குத் தெரியவும் வாணாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதோடு, இவரை நான் சரியாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறேன் என்றும் பட்டது. யார் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்தை விற்காத ஆள்.

நேற்றுச் சனிக்கிழமை. பல்லேபொல ஆட்கள் மிளகு கொண்டுவரும் நாள் என்று தெரிந்துதான் உன் மாமாவின் கடைக்குப் போனேன். தராசைச் சுற்றிக் கூட்டம். நம் சொந்தக்காரர்கள் பாதி, சிங்கள ஆட்கள் பாதி. தேரன்று என்னிடம் பேசினவளும் கராம்புப் பையோடு நின்றாள். பியசேனவும் மூட்டையோடு நின்றார். நான் முன்னால் போய் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். உன் மாமா, "உள்ள வாக்கா, டீ குடிக்கலாம்" என்றான்.

"டீ வேணாம். ஒம் மகனுக்கு அந்த லாயரம்மா வேணும்னா, எம் மகன் எடுக்கலங்கிறத இந்த எடத்துலயே சொல்லு. எல்லாரும் நிக்கிறாங்க."

"அக்கா, வீட்டுல வெச்சுப் பேசுவோமே."

"எம் மகன் பேர நீ வீட்டுல வெச்சா கெடுத்த?"

தராசில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த மூட்டைய எம் மருமகன் எடுக்கல" என்றான். கேட்கவில்லை என்றேன். நிமிர்ந்து, "எம் மருமகன் எடுக்கல. எம் மகன் ரமேஷ்தான் எடுத்தான்" என்று சத்தமாகச் சொன்னான். சிங்களத்திலும் சொல்லு என்றேன். சிங்களத்திலும் சொன்னான். பியசேன தன் மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கடையை விட்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். தேர்க்காரி என்னைப் பார்க்கவே இல்லை.

அதோடு எழுந்திருப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் ஒன்று கேட்காமல் என்னால் வர முடியவில்லை. "ஒனக்கு எப்ப தெரியும்? கோர்ட்டுல ரமேஷ் பேரு வந்தப்பவா?" என்று கேட்டேன். அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பிதானே, தெரியாமல்தான் செய்திருப்பான் என்று மனதின் ஒரு மூலையில் ஒரு இடம் வைத்திருந்தேன்.

அவன் அழுதான். "அன்னைக்கேக்கா. பொலிசுக்குப் போகும்போதே தெரியும். ஒன் மகன் பொறுத்துக்குவான்னு நெனச்சேன்" என்றான்.

என் கையால் சோறு தின்று வளர்ந்தவன் உன்னைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறான், மகனே. பொறுத்துக்கொள்வாய் என்று தெரிந்துதான் உன்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறான். நீ மன்னித்துவிட்டேன் என்கிறாயே, அவன் எதிர்பார்த்ததும் அதைத்தான். உன் நல்ல குணத்தை நம்பித்தான் உன்னை உள்ளே அனுப்பினான். நீ நல்லவனாகவே இரு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்கும் சேர்த்து நான் கெட்டவளாக இருந்துகொள்கிறேன்.

என் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதுமாக்கா?" என்று கேட்டான்.

"போதாது" என்றேன். அவன் முன்னாலேயே லாயரம்மாவுக்குப் போன் எடுத்து, "எடுத்துக்கங்க, எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன்.

உன்னைப் பெற்றவள்